டிராமும் காந்த ஊசியும்

பம்பாய்த் தீவின் தென்கோடியான கொலாபாவில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1826-இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், 1841 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பூமியின் காந்த சக்தியை இரவு பகலாக அளந்து கணக்கெழுதி வந்தவர்கள், நகரத் தெருக்களில் குதிரைக்குப் பதிலாக மின்சாரம் டிராம் வண்டியை இழுக்கப் போகிறது என்று அறிந்ததும், கடலுக்கு அப்பால் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலிபாகில் இடம் பார்த்துக் குடிபெயரத் தொடங்கினார்கள். டிராம் வண்டிக்கும் காந்த ஊசிக்கும் அப்படி என்ன விரோதம்?

1820-இல் கோபன்ஹேகனில் ஏர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டியின் முள் திரும்புவதைக் கண்டு வெளியிட்டார். அதுவரை தனித்தனி சாஸ்திரங்களாக வாழ்ந்த மின்சாரமும் காந்தமும் அன்றோடு சம்பந்திகளாயின. செம்பூரிலோ தாராவியிலோ உள்ள பள்ளி மாணவன் இதைத் தன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரும்புச் சாமான் எதுவும் அருகில் இல்லாத மேஜைமேல் திசைகாட்டியை வைத்து, முள் அடங்கிய பின், அதற்கு 2 சென்டிமீட்டர் மேலே, முள்ளின் போக்கிலேயே ஒரு செப்புக் கம்பியைப் பிடித்து, அதன் முனைகளை டார்ச் பாட்டரியின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொடவைத்தால் (ஒரு கணம்தான், கம்பி சுட்டுவிடும்), 2 ஆம்பியர் பாய்ந்தாலே முள் 25 டிகிரிக்கு மேல் விலகி நிற்கும். பாட்டரியைத் தலைமாற்றிப் பிடித்தால் மறுபக்கம் விலகும்.

ஆராய்ச்சி நிலையத்துக் காந்தம் இவ்வளவு முரட்டுத்தனமானதன்று. ஒரு சிறு காந்தக் கட்டையை மெல்லிய இழையில் தொங்கவிட்டால் அது வடக்கு நோக்கி நின்று திசையின் மாறுதலைக் காட்டும்; அதையே இரண்டு இழைகளில் தொங்கவிட்டு, இழைகளை முறுக்கிக் கிழக்கு மேற்காக நிறுத்திவிட்டால், பூமியின் இழுப்புச் சற்றே தளரும்போதெல்லாம் முறுக்கின் கை ஓங்கிக் காந்தம் திரும்புமாதலால், சக்தியின் ஏற்ற இறக்கத்தைப் படித்துவிடலாம். தொடக்கத்தில் இதைத் தொலைநோக்கிக் குழாய் வழியாகக் கண்ணால் பார்த்து, நேரத்தோடு கையால் எழுதி வைத்தார்கள். பின்னர் காந்தத்தோடு ஒரு சிறு கண்ணாடியை இணைத்து, அதில் பட்டுத் திரும்பும் ஒளியைப் புகைப்படத் தாளில் விழச் செய்யும் உபாயம் வந்தது. கண்ணாடி திரும்பும் கோணத்தைப் போல் இருமடங்கு ஒளிக்கதிர் திரும்பும் என்பது ஒளியின் இயல்பு. ஆகையால், காந்தம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கே அசைந்தாலும், 1.7 மீட்டருக்கு அப்பால் உள்ள தாளில் ஒளிப்புள்ளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும்.

இனி டிராமின் குற்றத்தைக் கணக்கிடலாம். பம்பாயில் பூமிக் காந்தத்தின் கிடைத்தள வலிமை சுமார் 38,000 நானோடெஸ்லா. சூரியன் சாந்தமாக இருக்கும் நாளில் காலைக்கும் மாலைக்கும் இடையே அது மாறுவதோ சில பத்து நானோடெஸ்லாதான். டிராமுக்கு மேல்கம்பியில் வரும் மின்னோட்டம் முழுவதும் தண்டவாளத்தின் வழியே திரும்பிப் போனால் இரண்டின் பாதிப்பும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்; ஆனால் ஒரு பகுதி மண்ணில் கசிந்து கண்டபடி பரவுகிறது. அவ்வாறு ஈடுகட்டப்படாத 100 ஆம்பியர், ஒரு கிலோமீட்டர் தொலைவிலேகூட 20 நானோடெஸ்லா அளவுக்குக் குழப்பம் விளைவிக்கும். அதன்பின் ஏட்டில் பதிவது சூரியனின் சேஷ்டையா, வண்டியோட்டி வேகத்தைக் கூட்டியதா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

அந்த ஏட்டின் மதிப்புக்கு ஒரு நாள் சாட்சி போதும். 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் காரிங்டன் என்பவர் சூரியனின் முகத்தில் திடீரென்று ஒளி வெடித்துக் கிளம்பியதைக் கண்டார். சுமார் பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமியெங்கும் காந்தப் புயல் மூண்டது. ஐரோப்பாவில் தாள்களின் விளிம்பைத் தாண்டிப் பதிவுகள் ஓடிவிட்டன. கொலாபாவில் செப்டம்பர் 2 காலையில் பணியிலிருந்தவர், வழக்கமான மணிக்கொரு கணக்கை விட்டு, சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அளவை எழுதிக்கொண்டே போயிருக்கிறார். கிடைத்தள வலிமை சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்து மீண்டது அதனால்தான் நமக்குத் தெரிகிறது. அமெரிக்க, இந்திய விஞ்ஞானிகள் 2003-இல் அந்தப் புயலின் உக்கிரத்தை மதிப்பிட்டு வெளியிட்டபோது ஆதாரமாக நின்றது இந்தக் கையெழுத்துக் கணக்கே. சூரியனிலிருந்து வந்த மின்துகள்கள் பூமியைச் சுற்றி மேற்கு நோக்கிய பெரிய மின்வளையமாக ஓடி, நம் பூமத்தியப் பிரதேசத்துக் காந்த வலிமையைக் குறைத்துவிடுகின்றன. ஏர்ஸ்டெட்டின் கம்பி செய்ததும், டிராமின் கசிவு செய்ததும், வானத்து வளையம் செய்வதும் ஒரே காரியம். மின்னோட்டம் எங்கே ஓடுகிறது என்று ஊசி கேட்பதில்லை.

1896-இல் கொலாபாவின் முதல் இந்திய இயக்குநரான நானாபாய் மூஸ் இதை நன்கு அறிந்தவர். அலிபாகில் இரும்புக் கலப்பில்லாத பொருள்களைக் கொண்டே கட்டடம் எழுப்பி, 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே சமயத்தில் அளந்து, பழைய கணக்கும் புதியதும் அறுந்துபோகாமல் முடிச்சுப் போட்டார். அந்த இரண்டு வருஷப் பொறுமையே அவர் செய்தவற்றில் தலையாயது என்பது என் அபிப்பிராயம். 1907-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1925-இல் குர்லா வரை மின்சார ரயிலும் வந்தது.

பம்பாயின் கடைசி டிராம் 1964 மார்ச் 31 அன்று போரிபந்தரிலிருந்து தாதருக்கு ஓடி நின்றுவிட்டது. புறநகர் ரயில்களும் நேர்மின்சாரத்தை விட்டு, விநாடிக்கு 50 சுற்று மாறும் மின்சாரத்துக்கு வந்துவிட்டதால், இன்று திசைகாட்டியோடு மாட்டுங்கா பிளாட்பாரத்தில் போய் நிற்பவர் மேல்கம்பியினால் முள் எந்தப் பக்கமும் சாய்வதைக் காணமாட்டார். இரு திசையிலும் அத்தனை விரைவாக இழுக்கப்படும் முள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஆயினும் இரும்பும் மின்சாரமும் நிறைந்துவிட்ட நகருக்கு ஊசி திரும்பி வரவில்லை. அலிபாகில் இப்போதும் அளக்கிறார்கள். அந்த அளவைத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் எடுக்கும் அளவிலிருந்து கழிக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் பொதுவான புயலின் பாதிப்பு அவ்வாறு கழிந்துபோக, மிஞ்சி நிற்பது, நம் தென்முனையை ஒட்டிச் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலெல்லாம் கிழக்கு நோக்கி ஓடும் மின்னாற்றின் வலிமை.