விரிப்புக்கு அடியில் இருந்த கம்பளி

1914-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏப்ரல் நடுவில் லண்டனில் இறங்கி, பின் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த ஸ்ரீநிவாச ராமானுஜன் கணித உலகத்தைப் பிரமிக்க வைத்த மேதை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அந்த மேதை அங்கே இராப்பொழுதுகளில் எப்படித் தூங்கினார் என்பதை அறிந்தவர்கள் சிலரே. அதே ஊரில் கிங்ஸ் கல்லூரியில் அப்போது படித்துக்கொண்டிருந்தவரும், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவருமான பி. சி. மஹலனோபிஸ் அந்த விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். இரவில் தமக்குக் குளிருகிறது என்றும், ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு சால்வையையும் சுற்றிக்கொண்டே படுப்பதாகவும் ராமானுஜன் அவரிடம் கூறவே, போதிய கம்பளி இருக்கிறதா என்று பார்க்க மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் போனார். கம்பளிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவை மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. கம்பளிகளை விலக்கி அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. கோட்டுக்கும் சால்வைக்கும் மேல் அந்த மெல்லிய மேல்விரிப்பைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி கிடந்திருக்கிறார். மஹலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

அந்நிய தேசத்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தச் சம்பவம் என் மனத்தில் எழுந்து நிற்கிறது. ஏனெனில், அறிவு வேறு, வழக்கம் வேறு. அறிவைப் புத்தகத்திலிருந்து பெற்றுவிடலாம்; ஒரு தேசத்தின் அன்றாட வழக்கத்தையோ, அதில் பிறந்தவர்கள் சொல்லித்தர வேண்டிய விஷயமாகவே கருதுவதில்லை. வருகிறவனுக்கு அது கண்ணெதிரே இருந்தும் புலப்படுவதில்லை.

இன்று பிரிட்டனுக்குப் போகும் நம் மாணவன் பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தில் போய் இறங்குகிறான். மாணவர் விடுதியில் தனி அறையும், ஐந்தாறு பேருக்குப் பொதுவான ஒரு சமையலறையும் அவனுக்குக் கிடைக்கின்றன. முதல் நாள் மாலை, அம்மா பொட்டலம் கட்டிக்கொடுத்த கடுகையும் மிளகாய் வற்றலையும் எடுத்து, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு, வீட்டில் போடுவது போலவே அவன் தாளிக்கிறான். வற்றல் கருகி நெடி கிளம்பியதும் கூரையில் பதித்திருக்கும் புகைமணி அலறத் தொடங்குகிறது. கட்டடம் முழுவதும் இருக்கும் பிள்ளைகள் அகப்பட்ட உடுப்போடு இறங்கி, மழைத்தூறலில் வாசலில் வந்து நிற்கிறார்கள். அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியைப் போட்டுக்கொண்டு, சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளிக்க வேண்டும் என்பதை அங்கே ஒரு வருஷம் இருந்த எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பான். அதைக் கேட்க வேண்டும் என்று இவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

தாளிப்பில் நேர்ந்த பிழை ஒரு மாலைப்பொழுதின் சங்கடத்தோடு தீர்ந்துபோகும். வேறு சில விஷயங்களில் அறியாமைக்குக் கொடுக்கும் விலை அதிகம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் சுகாதாரக் கட்டணம் செலுத்திவிடுகிறார்கள். அப்படியிருந்தும், வசிக்கும் இடத்துக்கு அருகிலுள்ள வைத்தியசாலையில் பெயரைப் பதிவு செய்துகொள்ளாமல், காய்ச்சலில் கிடக்கும்போதுதான் எங்கே போவது என்று தவிப்பவர்கள் உண்டு. அந்தப் பதிவுக்குக் காசு ஒன்றும் கிடையாது. இங்கிலாந்தில் சாதாரணமாக ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. வாங்கிய முன்பணத்தை வீட்டுக்காரர் 30 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். குடியிருப்போர் அனைவரும் முழுநேர மாணவர்களானால் அந்த வீட்டுக்கு நகரசபை வரி விலக்கு உண்டு. பட்டப்படிப்பு மாணவன் பாடகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. வாடகைக்கும் கடனுக்கும் பயந்து அந்த வரம்பைத் தாண்டுகிறவன், நாலு காசுக்காக விசாவையே பணயம் வைக்கிறான் என்பதை யாராவது அவனிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பணம் கேட்பவனும், குடியேற்ற அதிகாரி பேசுவதாகத் தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிக்கப் பார்ப்பவனும் புதிதாக வந்தவனையே குறிவைக்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பறையில் ஏற்படும் தடுமாற்றம் இவற்றையெல்லாம்விட நுட்பமானது. பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதற்கு நம் பிள்ளையின் நா எழுவதில்லை. அவர் கூறியதை மறுத்துப் பேசுவதோ அபசாரம் என்றே அவனுக்குத் தோன்றுகிறது. அங்கேயோ மௌனத்தை மரியாதையாக எடுத்துக்கொள்ளாமல், படித்துவிட்டு வரவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தின் வாக்கியத்தை ஓரெழுத்தும் பிசகாமல் எழுதினால் நம் பரீட்சைகளில் மார்க்கு கிடைக்கும்; அங்கே எடுத்த இடத்தைக் குறிப்பிடாமல் அப்படியே எழுதினால் அது திருட்டு என்று விசாரணைக்கு வரும். நல்லெண்ணத்தோடு, நேற்றுவரை சரியாக இருந்ததையே செய்து குற்றவாளியாக நிற்பதைப் போன்ற வேதனை ஒரு மாணவனுக்கு வேறில்லை. முதல் கட்டுரையைச் சமர்ப்பிக்கும் முன்பே, தனக்கென நியமிக்கப்பட்ட ஆசிரியரிடம் போய், இது எப்படி எழுதப்பட வேண்டும் என்று கேட்டுவிடுவதே விவேகம். அவ்வாறு கேட்பவனை அங்கே யாரும் குறைவாக எண்ணுவதில்லை.

இதற்கிடையே குளிர்காலமும் வந்துவிடுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் அஸ்தமித்துவிடுகிறது. இந்திய நேரம் அப்போது ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், வகுப்பும் வேலையும் முடிந்து இவன் அறைக்குத் திரும்பிப் பேச ஆசைப்படும் வேளையில் வீட்டில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டால், சாப்பிட்டேன் என்கிறான். கடன் வாங்கி அனுப்பியவர்களிடம் வேறென்ன சொல்ல முடியும் என்ற எண்ணத்தில், பசியையும் பயத்தையும் தனிமையையும் விழுங்கிக்கொள்கிறான். கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவில் கறிவேப்பிலையின் வாசனையும், ஹைகேட் முருகன் சந்நிதியில் நாதஸ்வரத்தின் ஒலியும் இத்தகைய பிள்ளைகளுக்கு அளிக்கும் ஆறுதல் கொஞ்சநஞ்சமன்று. ஈழத்தமிழர்கள் தங்கள் துயரத்தினிடையே அந்த மண்ணில் ஊன்றி வளர்த்த வாழ்வின் நிழல் அது. ஆனால் அந்த நிழலிலேயே நின்றுவிடாமல், பக்கத்து அறையில் இருக்கும் நைஜீரியப் பெண்ணோடும் யார்க்ஷயர் பையனோடும் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி அளவளாவத் தொடங்கும்போதுதான் அந்நிய தேசம் அவனுக்கு ஊராகிறது.

ராமானுஜன் போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே யுத்தம் மூண்டது; காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. தாமே சமைத்து, தனியே உண்டு, 1917-இல் நோயில் விழுந்து, 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரலில் தமது முப்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அவரைக் கொண்டுபோன வியாதி எதுவென்பதில் வைத்தியர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள்; அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. குளிருகிறது என்று அவர் ஒருமுறை வாய் திறந்தபோது, எழுந்து போய்ப் படுக்கையைப் பார்ப்பதற்கு ஒரு மனிதர் இருந்தார் என்பதே நான் சொல்ல வந்தது.

ஆகவே போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்று: சங்கோசப்படாமல் கேளுங்கள், ராமானுஜனுக்கே தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியாமற்போவதில் அவமானம் இல்லை. முன்பே போய்த் தேர்ந்துவிட்டவர்களுக்குச் சொல்வது அதைவிட முக்கியமானது. வரும் செப்டம்பரில் உங்கள் விடுதிக்கு ஒரு புதுப்பிள்ளை பெட்டியும் கையுமாக வந்து நிற்பான். எப்படி இருக்கிறாய் என்று நீங்கள் கேட்டால், சௌக்கியமாக இருக்கிறேன் என்றுதான் அவன் சொல்லுவான். அத்துடன் திரும்பிவிடாமல், அவன் அறைக்குள் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.