பழைய டிராக்டரில் கியர் விழவில்லையா? பெட்டியைப் பிரிக்குமுன் கிளட்ச்சைப் பாருங்கள்

மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் டெல்டா வயல்கள் அனைத்துக்கும் ஒரே சமயத்தில் சேற்றுழவு வேண்டும். கைமாறி வந்த பழைய டிராக்டர் அந்த நேரம் பார்த்துக் கியர் விழாமல் கறகறவென்று சத்தமிட்டால் விவசாயி என்ன செய்வார்? கியர் பெட்டி போய்விட்டது என்று வண்டியைப் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார். பெட்டியைப் பிரித்துப் போட்டால் கைப்பணம் மட்டுமல்ல, உழவு நாட்களும் போய்விடும். ஆனால் பல வண்டிகளில் கோளாறு பெட்டியில் இருப்பதில்லை. கிளட்ச்சில்தான் இருக்கும்.

சத்தம் ஏன் வருகிறது?

பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஒரு பல்சக்கரம் நகர்ந்து வந்து இன்னொன்றின் பற்களுக்குள் நுழைந்தால்தான் கியர் விழும். இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தும் சின்க்ரோமெஷ் அமைப்பு அவற்றில் கிடையாது. ஆகவே கிளட்ச்சை முழுவதும் மிதித்து, வண்டி நின்ற பிறகே கியர் மாற்ற வேண்டும். ஓட்டத்தில் மாற்றினால் பல்லின் முனை தேயும், நாளடைவில் உடையும்.

கிளட்ச்சை மிதித்த பிறகும் என்ஜினின் சுழற்சி பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தாலும் இதே சத்தம்தான் வரும்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கலப்பையைத் தரையில் இறக்கி, கைப்பிரேக் போட்டு, பி.டி.ஓ.வை நிறுத்திவிடுங்கள். முதலில் என்ஜினை அணைத்துவிட்டுக் கியர்களை மாற்றிப் பாருங்கள். பல்லோடு பல் முட்டி நின்றால் வேறு கியருக்குத் தள்ளி மறுபடி முயலலாம்.

பிறகு இருக்கையில் அமர்ந்து என்ஜினை ஓடவிடுங்கள். கிளட்ச்சை முழுவதும் மிதித்து, ஐந்து விநாடி பொறுத்துக் கியர் போடுங்கள்.

என்ஜின் நின்றிருக்கும்போது எளிதாக விழுந்த கியர், ஓடும்போது மட்டும் கறகறத்தால் கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்று பொருள். என்ஜின் நின்றிருக்கும்போதே கியர் ராடு இறுக்கமாக இருந்தால் ராடு, ஃபோர்க் அல்லது பெட்டியில் கோளாறு.

பெடல் பிளே

கிளட்ச் பெடலைக் கையால் அழுத்துங்கள். சிறிது தூரம் லேசாக இறங்கி, பிறகு கனமாகும். லேசாக இறங்கும் அந்தத் தூரமே பிளே. பல டிராக்டர்களில் இது சுமார் ஒரு அங்குலம். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்புக் கம்பியின் பின்னும் துளையும் தேய்ந்தால் பிளே கூடிவிடும். அப்போது கிளட்ச் முழுவதும் விடுபடாது. பிளேட் தேய்ந்தால் பிளே குறைந்துவிடும். அப்போது கிளட்ச் வழுக்கி, பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் கெடும். என்ஜினை அணைத்துவிட்டு, இணைப்புக் கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்தி, சிறிது சிறிதாகத் திருகி அளந்து சரிசெய்ய வேண்டும். பிறகு நட்டை மறவாமல் இறுக்குங்கள். தேய்ந்த பின்னையும் மாற்றிவிடுவது நல்லது.

மழையில் பல மாதம் நின்ற வண்டியில் பிளேட் துருவேறி ஒட்டிக்கொள்வதும் உண்டு. நீண்ட நாள் நிறுத்துவதானால் பெடலை அழுத்தி, மரக்கட்டை கொடுத்து வைக்கலாம்.

சேற்றுழவில் கவனம்

பல டிராக்டர்களில் கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. சேற்றில் இறங்குமுன் அதற்குரிய மூடியைப் போட வேண்டும். இல்லாவிட்டால் சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்துவிடும். உழவு முடிந்ததும் மூடியைக் கழற்றிவிடுங்கள். அங்கே கறுத்த என்ஜின் ஆயில் சொட்டினால் என்ஜின் பக்கத்து சீலும், கெட்டியான கியர் ஆயில் சொட்டினால் பெட்டிப் பக்கத்து சீலும் பழுது. இதைத் தள்ளிப்போடக் கூடாது; ஆயில் பட்ட பிளேட் வெகு நாள் உழைக்காது.

கியர் ஆயிலின் அளவையும் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்ற வேண்டும். வடிக்கும்போது இரும்புத் துண்டுகள் வந்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

போட்ட கியர் கழன்றால்

இது ஆபத்தான கோளாறு. பாரம் ஏற்றிய டிரெய்லருடன் கரையிலிருந்து இறங்கும்போது கியர் கழன்றால், என்ஜினின் பிடி போய் வண்டி உருண்டோடும். ராடைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும், கயிற்றால் கட்டுவதும் உயிருக்கே கேடு. கியரை நிலையில் நிறுத்தும் குண்டு, ஸ்பிரிங், ஃபோர்க் அல்லது பல் தேய்ந்திருக்கும். பல வண்டிகளில் குண்டையும் ஸ்பிரிங்கையும் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிடலாம். சரிசெய்யும் வரை டிரெய்லர் மாட்ட வேண்டாம்.

இன்னொன்று. கியர் ராடில் சாய்ந்த கையும், கிளட்ச் பெடலில் ஊன்றிய காலும் நல்ல வண்டியையும் கெடுக்கும். வண்டியை வாடகைக்கு விடுபவர்கள் ஓட்டுநரிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டும். தண்ணீர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டால், பெட்டியைத் திறக்கத்தான் வேண்டுமென்றாலும் அதற்கு நாள் இருக்கும்.