சட்டம் விலகியது, தயக்கம் விலகவில்லை

புது தில்லி: கொல்கத்தாவின் பவானிபூர் பகுதியில் உள்ள எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனையை அந்நகர மக்கள் இன்றும் "பி.ஜி." என்றே அழைக்கின்றனர். பிரசிடென்சி ஜெனரல் மருத்துவமனை என்ற பெயரில் அது இயங்கிய காலத்தில், 1898-ஆம் ஆண்டு, ரொனால்டு ராஸ் அங்குதான் மலேரியாக் கிருமி கொசுவின் மூலம் பரவும் வழியை முழுமையாகக் கண்டறிந்தார். பரவும் வழியை அறிந்தால்தான் நோயைத் தடுக்க முடியும் என்பது அந்தக் கண்டுபிடிப்பு தந்த பாடம்.

ஆனால், பரவும் வழி நன்கு தெரிந்திருந்தும், அதைப் பற்றிப் பேசக் கூசுவதாலேயே நீடிக்கும் நோய்களும் உள்ளன. ஆண்களுக்கு இடையிலான பாதுகாப்பற்ற பாலுறவால் பரவும் எச்.ஐ.வி.யும் பிற பால்வினை நோய்களும் அவ்வகையைச் சேர்ந்தவை.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021-ஆம் ஆண்டுக் கண்காணிப்பு ஆய்வின்படி, ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களிடையே எச்.ஐ.வி. தொற்று 3.26 சதவீதம். அதே ஆண்டில் நாட்டின் வயது வந்தோரிடையே அது 0.21 சதவீதமாக மதிப்பிடப்பட்டது. ஏறத்தாழ 15 மடங்கு வேறுபாடு இது.

உடற்கூறும் காரணம்

இந்த வேறுபாட்டுக்கு ஒழுக்கக்கேடே காரணம் என்று கூறுவோர் உண்டு. மருத்துவம் கூறுவது வேறு. ஆசனவாயின் உட்புறச் சவ்வு மிக மெல்லியது. அதற்கு இயற்கையான வழவழப்பு இல்லை. எளிதில் கீறல் விழும், கிருமி உட்புகும். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றாளருடன் ஆணுறையின்றி ஆசனவாய் வழி உறவில் ஏற்பவராக இருந்தால், 10,000 முறைக்கு 138 முறை தொற்று நிகழக்கூடும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு அது 8 மட்டுமே. கணவன் மனைவிக்கு இடையிலான ஆசனவாய் உறவுக்கும் இதே கணக்குதான் பொருந்தும்.

கிரந்தி எனப்படும் சிபிலிஸ், வெட்டை நோயான கொனோரியா, கிளமிடியா, ஹெர்பிஸ், ஹெபடைட்டிஸ்-பி ஆகியவையும் இவ்வழியில் பரவுகின்றன. இவற்றுள் பல, ஆசனவாயிலும் தொண்டையிலும் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கிவிடும். சிபிலிஸ் நோயின் முதல் புண் வலிக்காது; சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் தீர்ந்ததாக நோயாளி நினைத்திருக்க, கிருமி உடலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து மூளையையும் இதயத்தையும் தாக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பென்சத்தீன் பென்சிலின் ஊசி ஒன்றே போதுமானது. பால்வினை நோய்ப் புண் உள்ளவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் அதிகம்.

குடும்பத்தின் கட்டாயத்தால் திருமணம் செய்துகொண்ட ஆண்களும் இவர்களுள் உள்ளனர். கணவனின் இன்னொரு வாழ்க்கையை அறியாத மனைவிக்கும், அவள் வயிற்றில் வளரும் குழந்தைக்கும் நோய் சென்று சேர்கிறது.

தில்லியில் நடந்த போராட்டம்

நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர். எனினும், ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு தடுப்புப் பணிக்குப் பெரும் இடையூறாக நின்றது. 1994-இல் திகார் சிறையில் கைதிகளுக்கு ஆணுறை வழங்கலாம் என்ற யோசனையைச் சிறை நிர்வாகம் ஏற்கவில்லை. 2001 ஜூலையில் லக்னோவில் ஆண்களிடையே எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்துவந்த தொண்டு நிறுவன ஊழியர்கள் 4 பேர் கைது செய்யப்பட்டு, 47 நாள்கள் சிறையில் இருந்தனர். ஆணுறையும் துண்டுப் பிரசுரமும் தந்தவர்களே குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டனர்.

அதே ஆண்டின் இறுதியில் நாஸ் ஃபவுண்டேஷன், 377-ஆவது பிரிவை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. அந்த வழக்கில் மத்திய அரசே இரண்டாகப் பிரிந்து நின்றது. உள்துறை அமைச்சகம் சட்டப் பிரிவை ஆதரித்தது. சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போ, அச்சத்தால் இவர்கள் மறைந்து வாழ்வதாகவும் தடுப்புப் பணி அவர்களைச் சென்றடையவில்லை என்றும் 2006-இல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. இவர்களிடையே தொற்று 8 சதவீதத்தைத் தாண்டியிருந்த காலம் அது. அன்றைய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ், 2008-இல் மெக்சிகோ நகரில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் இப்பிரிவுக்கு எதிராகப் பேசினார்.

கொல்கத்தாவுக்கும் இதில் பங்குண்டு. 1999 ஜூலை 2-ஆம் தேதி, பார்க் சர்க்கஸ் மைதானத்தில் கூடிய 15 பேர் "நட்பு நடை" என்ற பெயரில் ஊர்வலம் நடத்தினர். இந்தியாவில் இத்தகைய முதல் ஊர்வலம் அது. சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 2009 ஜூலை 2-இல், முன்னர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த ஏ.பி. ஷாவும் நீதிபதி எஸ். முரளிதரும் அடங்கிய அமர்வு, வயது வந்தோரின் மனமொப்பிய உறவு குற்றமாகாது எனத் தீர்ப்பளித்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு மீண்டும் அதையே நிலைநாட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 377-க்கு இணையான பிரிவே இல்லை.

இனி என்ன?

சட்டம் விலகியதும் நோயாளி தானாக முன்வந்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. பூங்காக்களிலும் ரயில் நிலையங்களிலும் களப் பணியாளர்கள் சந்தித்துவந்த ஆண்களில் பலர், இன்று கைப்பேசிச் செயலிகள் வழியே துணை தேடுகின்றனர். அவர்களை அணுகப் பழைய முறைகள் போதவில்லை. புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவர்களின் முன்னிலையில் எவரும் உண்மையைக் கூறமாட்டார். அவர் கூறாவிட்டால் தொண்டையையும் ஆசனவாயையும் மருத்துவர் பரிசோதிப்பதில்லை. நோய் அங்கேயே தங்கிவிடுகிறது.

தடுக்கும் வழிகள் இன்று பல உள்ளன. ஆணுறையுடன், நீர் அடிப்படையிலான வழவழப்புக் களிம்பைப் பயன்படுத்த வேண்டும். எண்ணெயும் வாசலினும் ரப்பர் ஆணுறையைக் கிழித்துவிடும். ஹெபடைட்டிஸ்-பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஆபத்தான உறவு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் எச்.ஐ.வி.யைத் தடுக்க வாய்ப்புண்டு. முன்கூட்டியே உட்கொள்ளும் தடுப்பு மாத்திரைக்கான வழிகாட்டு நெறிகளை எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் வெளியிட்டது. எனினும் அம்மாத்திரை சிபிலிசையோ கொனோரியாவையோ தடுக்காது. தொற்று உள்ளவர் தொடர்ந்து கூட்டு மருந்து உட்கொண்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டால், பாலுறவு மூலம் எச்.ஐ.வி. பிறருக்குப் பரவுவதில்லை என்பதும் உறுதியாகியுள்ளது.

2004 ஏப்ரல் 1-இல் தொடங்கிய இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் இன்று நாடு முழுவதும் செயல்படுகிறது. சம்மதமின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது, தொற்று விவரத்தை வெளியிடக் கூடாது என 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் கூறுகிறது. தமிழகத்தில் நம்பிக்கை மையம் என்று அறியப்படும் ஆலோசனை, பரிசோதனை மையங்கள் எல்லா மாநிலங்களிலும் உள்ளன. 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

மருந்தும் சட்டமும் கைவசம் இருக்கின்றன. மறைவான ஓர் அறையும், முகம் சுளிக்காமல் கேள்வி கேட்கும் மருத்துவரும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் கிடைக்கச் செய்வதே மத்திய, மாநில அரசுகளின் முன் உள்ள பணி. அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை.