இன்னும் சுருதி சேரலை!

டேப் ரிக்கார்டர் ரிப்பேர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

'டொய்ங்... டொய்ங்...' என்று ஒரு கிடார். பதிலுக்கு 'டும்ம்ம்' என்று இன்னொன்று. நடுவில் யாரோ மைக்கில் இருமுகிறார். திரும்பவும் 'டொய்ங்'. கேஸட்டை வெளியே எடுத்து, ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றி, தட்டி, ஊதி, மறுபடி போட்டேன். மறுபடி 'டொய்ங்'.

கேஸட்டைக் கொடுத்த ஆபீஸ் சிநேகிதர் அசரவே இல்லை. "அவசரப்படாதீங்க ஸார். இன்னும் ஆரம்பிக்கலை. சுருதி சேர்க்கறாங்க."

"அஞ்சு நிமிஷமாவா?"

"அவங்களுக்கு அது கம்மி!"

இது நடந்தது கேஸட் காலத்தில். கலிபோர்னியாவில் இருந்த அவருடைய மச்சினர் அனுப்பிய கச்சேரி அது. குழுவின் பெயர் கிரேட்ஃபுல் டெட். தமிழில் சொன்னால் 'நன்றியுள்ள பிணம்'! (முகம் சுளிக்காதீர்கள். அநாதையாகக் கிடந்த ஒரு பிணத்துக்கு ஈமச் சடங்குக்குக் காசு கொடுத்தான் ஒரு வழிப்போக்கன். செத்தவன் பிற்பாடு வந்து அவனுக்கு உதவி செய்தான் என்று பல நாடுகளில் கதை உண்டு. அந்தக் கதைகளுக்கு அறிஞர்கள் வைத்த பெயர். ஜெர்ரி கார்ஸியா அதை அகராதியில் கண்டுபிடித்தார்.) 1965-ல் ஆரம்பித்து 1995 வரை சுமார் 2300 கச்சேரிகள். ஒரு கச்சேரி சாதாரணமாக மூன்று மணி நேரம். அடுத்து என்ன பாட்டு என்பது மேடையில் இருப்பவர்களுக்கே பல சமயம் தெரியாது. கிடாரிஸ்ட் கார்ஸியா தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தால், எப்போது நிமிர்வார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

நம் ஊரில் ஒரு ரசிகரிடம் போய், "உங்காளு ரொம்ப பிளேடு போடறாரே" என்று சொல்லிப் பாருங்கள். சட்டை கிழியும். அங்கே சமாசாரம் தலைகீழ். கிரேட்ஃபுல் டெட்டை உலகத்திலேயே அதிகமாகக் கிண்டல் செய்தவர்கள் அதன் ரசிகர்கள்தான். 'டெட்ஹெட்' என்று பெயர். வேலையை விட்டுவிட்டு, ஓட்டை வேனில் ஏறி, ஊர் ஊராகக் கச்சேரிக்குப் பின்னாலேயே போவார்கள். பெட்ரோல் செலவுக்குக் கார் நிறுத்துமிடத்தில் சாயம் முக்கிய பனியனும் சீஸ் சாண்ட்விச்சும் விற்பார்கள். ராத்திரி உள்ளே போய் உட்கார்ந்து, "இன்னிக்கும் அறுவைதான் போலிருக்கு" என்பார்கள். அடுத்த நாள் அடுத்த ஊர்.

அவர்கள் சொல்லிக்கொள்ளும் ஜோக் ஒன்று ரொம்பப் பிரசித்தம். போதை தெளிந்த டெட்ஹெட் பக்கத்தில் இருந்தவனிடம் என்ன கேட்டான்? "ஏம்ப்பா, என்ன இது இவ்வளவு கண்றாவியா வாசிக்கறாங்க?"

இன்னொன்று. ஒரு பல்பு மாற்ற எத்தனை டெட்ஹெட் வேண்டும்? பன்னிரண்டாயிரத்து ஒருத்தர். பல்பை மாட்ட ஒருத்தர். அதை டேப்பில் பதிவு செய்ய இரண்டாயிரம் பேர். பல்பு ஃப்யூஸ் போகும்வரை ஊர் ஊராக அதன் பின்னாலேயே போகப் பத்தாயிரம் பேர்!

கிண்டலில் உண்மை இல்லாமல் இல்லை. 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் ரிக்கார்டாக வந்தபோது மூணு நிமிஷம்கூட இல்லை. சமர்த்துப் பிள்ளை. அடுத்த வருடமே 'லைவ்/டெட்' ஆல்பத்தில் 23 நிமிஷம் ஆகிவிட்டது. 1972 மே 11-ம் தேதி ஹாலந்தில், ராட்டர்டாம் நகரத்தில் வாசித்தபோது சுமார் 48 நிமிஷம்! இதில் பாடுகிற பகுதி கொஞ்சூண்டுதான். மீதி நேரம் கிடார் எங்கேயோ கிளம்பிப் போய்விடும். பாஸ் கிடார்க்காரர் ஃபில் லெஷ் அதைத் தேடிக்கொண்டு போவார். பிறகு இரண்டு பேரையும் தேடிக்கொண்டு மற்றவர்கள் போவார்கள். வீட்டுக்குத் திரும்புவார்களா என்ற சஸ்பென்ஸில் ஜனம் உட்கார்ந்திருக்கும்.

இதுவும் போதாது என்று லெஷ் கேட்டுக்கொண்டதன் பேரில் ஜான் ஆஸ்வால்ட் என்ற கனடாக்காரர், நூற்றுக்கும் மேற்பட்ட 'டார்க் ஸ்டார்' பதிவுகளை வெட்டி, ஒட்டி, அடுக்கி, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்துக்கு ஒரே பாட்டாக ஆக்கினார். 1994, 95-ல் இரண்டு பாகமாக வந்தது. முழுசாகக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் நஷ்டமில்லை.

ஆனால் இதே பாட்டை அவர்கள் வாசிப்பதை நிறுத்தியபோது என்ன ஆச்சு தெரியுமா? ரசிகர்கள் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். 1978 டிசம்பர் 31. சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கத்தை மூடப் போகிற கடைசி ராத்திரி. அரங்கத்தில் ஒரு பேனர் தொங்கியது: இந்த ஊரில் 'டார்க் ஸ்டார்' வாசித்து 1535 நாளாகிறது! (காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1974 அக்டோபர் 18-லிருந்து சரியாக 1535 நாள்தான். ஆடிட்டர் தோற்றார்.) அன்றைக்கு வாசித்தார்கள். கச்சேரி விடியற்காலை வரை போய், வந்தவர்களுக்கெல்லாம் டிபன் போட்டுத்தான் அனுப்பினார்கள்.

முக்கியமான மேடை கிடைத்தால் சொதப்பிவிடுவார்கள் என்பதும் ரசிகர்கள் மத்தியில் பிரசித்தம். 1969 வுட்ஸ்டாக் திருவிழாவில் மற்றவர்களெல்லாம் சரித்திரம் படைத்துக்கொண்டிருந்தபோது, இவர்களுக்கு மட்டும் மழை ஈரத்தில் மேடையே ஷாக் அடித்தது. கிடாரைத் தொட்டால் ஷாக், மைக்கைத் தொட்டால் ஷாக். அந்த லட்சணத்தில் கடைசிப் பாட்டை அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தார்கள். வுட்ஸ்டாக்கில் படுமோசமாக வாசித்தோம் என்று கார்ஸியாவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1974-ல் சுமார் 600 ஸ்பீக்கர்களை மேடைக்குப் பின்னால் சுவர் மாதிரி அடுக்கினார்கள். எடை 75 டன். ஒலி பிரமாதம் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன செலவில் குழு திவாலாகாத குறை. அந்த வருஷக் கடைசியில் கச்சேரியையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள்.

1978 செப்டம்பரில் எகிப்துக்கே போய்விட்டார்கள். கீஸா பிரமிடுக்குப் பக்கத்தில் மூன்று நாள் கச்சேரி. பிரமிடுக்குள் இருக்கும் ராஜா அறைக்கு வயர் இழுத்து, அங்கேயிருந்து எதிரொலி வரவழைக்கத் திட்டம். எதிரொலி வரவில்லை. டிரம்மர் பில் க்ரூட்ஸ்மன் மணிக்கட்டு முறிந்து ஒற்றைக் கையால் வாசித்தார். கேட்டுப் பார்த்துவிட்டு, 'வெளியிட லாயக்கில்லை' என்று பதிவைப் பெட்டியில் போட்டார்கள். 2008-ல்தான் ஆல்பமாக வந்தது. ஃபாரோவே எழுந்து வந்து "போதும்ப்பா" என்று சொல்லாததுதான் பாக்கி!

இனி முக்கியமான விஷயம். டிரம்ஸ்.

1978 வாக்கில் இது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. இடைவேளைக்குப் பிந்திய பாதியில் மற்றவர்கள் எல்லோரும் மேடையை விட்டுப் போய்விடுவார்கள். க்ரூட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும் மட்டும் தனியாக வாசிப்பார்கள். தோல் கருவி, மணி, தகடு, பியானோ கம்பி மாட்டிய ஓர் அலுமினிய உத்தரம் உட்பட. அவர்கள் முடித்ததும் கிடார்க்காரர்கள் வந்து, தாளமும் இல்லாமல் ராகமும் இல்லாமல் வெறும் சத்தமாகக் கொஞ்ச நேரம். அதற்குப் பெயர் 'ஸ்பேஸ்'. இந்த இரண்டுக்கும் ரசிகர்கள் வைத்த உபயோகம் ஒன்றுதான்: பாத்ரூம். 'டிரம்ஸ்' ஆரம்பித்ததும் கும்பல் கும்பலாக எழுந்து போவார்கள். கியூவில் நின்று, வேலையை முடித்துக்கொண்டு, எதையாவது வாங்கித் தின்றுவிட்டு வந்தால் 'ஸ்பேஸ்' முடிகிற நேரம் சரியாக இருக்கும்.

இதைச் சொல்லி சிநேகிதர் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை. டிசம்பர் ஸீஸனில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீன் பக்கம் நழுவுகிற கோஷ்டியில் நானும் ஒருத்தன். மிருதங்கமும் கடமும் மோர்சிங்கும் உள்ளே உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்க, வெளியே கீரை வடைக்கு டோக்கன் வாங்கியிருக்கிறேன்.

அந்த பாத்ரூம் இடைவேளை சங்கீதம் என்ன ஆனது என்று கேளுங்கள். அதைக் கேட்ட டைரக்டர் ஃபிரான்சிஸ் கப்போலா, தன்னுடைய 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு (1979) தாள வாத்தியம் வாசிக்க இந்த இரண்டு பேரையும் கூப்பிட்டார். மிக்கி ஹார்ட் தபேலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். அவருடைய மகன் ஜாகிர் ஹுசேனோடு சேர்ந்து 1976-லேயே ஓர் ஆல்பம் போட்டவர். 1991-ல் உலகத்துத் தாள வித்வான்களையெல்லாம் கூட்டி 'பிளானெட் டிரம்' என்று ஓர் ஆல்பம் செய்தார். அதில் கடம் வாசித்தது யார்? நம்ம விக்கு விநாயக்ராம்! உலக இசைக்கென்று முதல் முதலாக ஏற்படுத்திய கிராமி விருது அந்த ஆல்பத்துக்குத்தான் போனது. அமெரிக்காக்காரன் பாத்ரூமுக்கு எழுந்து போன வாத்தியமும், நான் வடைக்கு எழுந்து போன வாத்தியமும் சேர்ந்து வாங்கின கிராமி.

சரி, இவ்வளவு அலுத்துக்கொள்கிறவர்கள் ஏன் திரும்பத் திரும்பப் போனார்கள்?

சிநேகிதரிடம் கேட்டேன். "பத்து நாள் கச்சேரின்னா நாலு நாள் சுமார், மூணு நாள் மோசம் ஸார். ஆனா ஒரு நாள் எல்லாம் கூடி வரும் பாருங்க... அது எந்த நாள்னு அவங்களுக்கே தெரியாதே! நாம போகாத அன்னிக்கு நடந்துட்டா?"

அந்த பயத்தில்தான் டேப் பண்ணினார்கள். குழுவும் தடுக்கவில்லை. 1984 முதல் டேப் பண்ணுகிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கி டிக்கெட் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, காசுக்கு விற்கக் கூடாது. அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் பெரம்பூர் வரைக்கும் வந்தது என் 'டொய்ங்'. 1977 மே 8-ம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரிதான் எல்லாவற்றிலும் உசத்தி என்று பெரும்பாலோர் கட்சி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே 2011-க்கான பட்டியலில் அதைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவாகச் சேர்த்தது. ரசிகர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. 'அப்படி ஒரு கச்சேரி நடக்கவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை' என்று கிளப்பிவிட்டுச் சிரித்தார்கள்.

பாட்டு வரி மறந்துபோவது சகஜம். பாப் வெய்ர் 'ட்ரக்கின்' பாட்டில் வரியை முழுங்கினால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். சரியாகப் பாடினாலும் கைதட்டல்தான், ஆச்சரியத்தில்!

கார்ஸியா வரி மறந்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். ரொம்ப நாள் வரைக்கும்.

நாலு வயதில் விறகு வெட்டும்போது விபத்தில் வலது கை நடுவிரலில் பெரும்பகுதியை இழந்தவர் அவர். மீதி விரல்களை வைத்துக்கொண்டு அப்படி வாசித்தார். 1986-ல் சர்க்கரை வியாதி முற்றி, கோமாவில் சில நாள் கிடந்தார். கண் விழித்தபோது கிடார் மறந்திருந்தது. ஒரு சிநேகிதர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க, முதலிலிருந்து கற்றுக்கொண்டார். டிசம்பர் 15-ம் தேதி ஓக்லண்டில் மறுபடி மேடையேறினார். அதற்கடுத்த வருஷம்தான் முதல் முறையாக ஒரு பாட்டு ஹிட்டாகி, கூட்டம் ஸ்டேடியம் கொள்ளாமல் போனது. ஓய்வு எடுக்க வேண்டிய மனிதருக்கு ஓய்வே கிடைக்கவில்லை. போதைப் பழக்கமும் விடவில்லை.

1995 டேப்புகள் சிலவற்றை சிநேகிதர் பிற்பாடு கொடுத்தார். "இதுக்கு ஜோக் எதுவும் இல்லை ஸார்" என்றார். கேட்டுப் பார்த்தேன். விரல் தடுமாறுகிறது. வரி எழுதிக் காட்டும் திரை முன்னால் இருந்தும் வரி நழுவுகிறது. ஜூலை 9, சிகாகோ, கடைசிக் கச்சேரி. 'ஸோ மெனி ரோட்ஸ்' பாட்டின் முடிவில் மட்டும் அந்தக் குரல் திடீரென்று எங்கிருந்தோ பலத்தைத் திரட்டிக்கொண்டு, அதே வரியை விடாமல் திரும்பத் திரும்பப் பாடுகிறது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9-ம் தேதி, போதை மீட்பு மையத்தில் மாரடைப்பில் போய்விட்டார். வயது 53. அஸ்தியில் ஒரு பகுதியை 1996 ஏப்ரலில் ரிஷிகேஷுக்குக் கொண்டுவந்து கங்கையில் கரைத்தார்கள். இத்தனை தூரம் வந்திருக்கிறாரே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பிறகு ஒருத்தர் ஒரு காரியம் செய்தார். 1977-ம் வருஷத்துக் கச்சேரிப் பதிவுகளில் பாட்டையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, சுருதி சேர்க்கிற இடங்களை மட்டும் தேதி வாரியாக ஒட்டினார். மொத்தம் ஒன்றரை மணி நேரம்! வெறும் 'டொய்ங்', 'டும்ம்', இருமல், ஜனங்களின் கத்தல். கிண்டலின் உச்சம் இதுதான் என்று நினைத்துத்தான் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்க ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

வீட்டுக்காரி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ஸ்பீக்கர் ரிப்பேரா?"

"இல்லே. சுருதி சேர்க்கறாங்க."

"இவ்வளவு நேரமாவா?"

"கொஞ்சம் இரு" என்றேன்.