காண்டிகையும் விருத்தியும்: கணினி விளையாட்டு வழிகாட்டிகளின் பயன்மதிப்பு

ஆய்வுச்சுருக்கம்

சிக்கலான கணினி விளையாட்டுகளுக்கு எழுதப்படும் வழிகாட்டிகள் விடையை முன்கூட்டியே சொல்லி ஆட்டத்தின் சுவையைக் கெடுத்துவிடுகின்றன என்ற கருத்து உண்டு. ஒரு வழிகாட்டியின் மதிப்பு, விடைக்கான காரணத்தை அது எந்த அளவிற்கு விளக்குகிறது என்பதைப் பொறுத்தே அமையும் என்பது இக்கட்டுரையின் துணிபாகும். நன்னூல் கூறும் உரை வகைகளை அளவுகோலாகக் கொண்டு, ஆலை அமைக்கும் விளையாட்டான ஃபேக்டோரியோவிற்குரிய சில வழிகாட்டுக் குறிப்புகள் இங்கு ஆராயப்படுகின்றன. திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம் இவ்வாய்வின் பின்புலமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: உரை மரபு, காண்டிகை, விருத்தி, கணினி விளையாட்டு, வழிகாட்டி, ஃபேக்டோரியோ, தொழில்நுட்பத் தமிழ்.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்பெரும்புதூர், பாஷ்யகாரர் எனப் போற்றப்படும் இராமானுசர் பிறந்த ஊராகும். அவ்வூரைச் சூழ்ந்த பகுதி இன்று ஆலைகளால் அறியப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2006 முதல் 2014 வரை இங்கு இயங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. உரையாசிரியரின் ஊர் உற்பத்தியின் ஊராகவும் விளங்குகிறது. உரை, உற்பத்தி என்னும் இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பதற்கு, ஆலை அமைப்பதையே ஆட்டமாகக் கொண்ட ஒரு விளையாட்டின் வழிகாட்டி நல்ல களமாக அமைகிறது.

வழிகாட்டிகளின் வரலாறு

அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம், தன் சோர்க் முதலிய உரைநடை விளையாட்டுகளுக்கு 1980களின் தொடக்கத்தில் குறிப்பேடுகளை வெளியிட்டது. இவற்றில் வினாக்கள் வெளிப்படையாகவும் விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையிலும் அச்சிடப்பட்டிருந்தன. தனிப் பேனாவால் தேய்த்தால் முதலில் சிறு குறிப்பும், அடுத்துச் சற்றுத் தெளிவான குறிப்பும், இறுதியில் முழு விடையும் தோன்றும். எவ்வளவு உதவி வேண்டும் என்பதை ஆடுபவரே தீர்மானித்துக்கொள்ள முடிந்தது. 1988இல் நின்டெண்டோ பவர் இதழும், 1990களில் ப்ரைமா போன்ற பதிப்பகங்களின் நூல்களும் இத்துறையை வளர்த்தன. 1995இல் தோன்றிய கேம்ஃபேக்ஸ் தளத்தில் ஆடுவோரே எழுதி இலவசமாக வழங்கினர். ப்ரைமா தன் பணியை நிறுத்துவதாக 2018இல் அறிவித்தது. அச்சு நூல் மறைந்த பின்னும் வழிகாட்டியின் தேவை மறையவில்லை.

நன்னூல் தரும் அளவுகோல்

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் உரையைக் காண்டிகை, விருத்தி என இரண்டாக வகுக்கிறார். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகிய மூன்றாலோ, அவற்றோடு வினாவும் விடையும் சேர்ந்த ஐந்தாலோ சூத்திரத்தின் உட்பொருளைத் தோற்றுவிப்பது காண்டிகையுரை. அவ்வைந்து உறுப்புகளோடு, அவ்விடத்திற்கு இன்றியமையாத பிறவற்றையும் சேர்த்து ஐயம் நீங்க விளக்குவது விருத்தியுரை. இரண்டிற்கும் பொதுவான நிபந்தனை உட்பொருளைக் காட்டுவதாகும். செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடும் குறிப்பு, இவ்வளவுகோலின்படி உரை என்னும் தகுதியைப் பெறாது. இன்ஃபோகாமின் வினாவிடை ஏடுகளைக் காண்டிகைக்கு நெருங்கியவை எனலாம்.

ஃபேக்டோரியோ: ஒரு சான்று

செக் நாட்டு வூப் நிறுவனம் உருவாக்கிய ஃபேக்டோரியோ, 2020இல் முழுப் பதிப்பாக வெளிவந்தது. அறியாத கோள் ஒன்றில் தனித்து விடப்பட்ட பொறியாளர், தாதுவை வெட்டி, உருக்கி, கன்வேயர் பட்டைகளில் கடத்தி, இயந்திரங்களால் பொருள்களைச் செய்து, இறுதியில் விண்கலம் ஏவ வேண்டும். எங்கோ ஓர் இயந்திரம் பொருளின்றி நின்றால் அதன் விளைவு ஆலை முழுவதும் பரவும். ஆகவே, எந்த இயந்திரம் எத்தனை வேண்டும் என்பதே ஆடுபவரின் ஓயாத வினா.

இவ்விளையாட்டில் ஒரு மின்னணுச் சுற்றைச் செய்ய 3 செப்புக் கம்பிகளும் 1 இரும்புத் தகடும் தேவை. அதற்கான அடிப்படை நேரம் 0.5 நொடி. அதே 0.5 நொடியில் 1 செப்புத் தகட்டிலிருந்து 2 கம்பிகள் கிடைக்கும். ‘கம்பிக்கு 3 இயந்திரம், சுற்றுக்கு 2 இயந்திரம் வைக்கவும்’ என்பது ஒருவகைக் குறிப்பு. ‘ஒரே வகை இயந்திரங்களாயின், 2 சுற்று இயந்திரங்கள் ஒரு முறைக்கு 6 கம்பிகளை உண்ணும், 3 கம்பி இயந்திரங்கள் அதே நேரத்தில் 6 கம்பிகளை ஈனும், உண்பதும் ஈனுவதும் சமமாவதால் 3:2’ என்பது மற்றொரு வகை. இரண்டும் தரும் விடை ஒன்றே. இரண்டாவதைப் படித்தவர் அடுத்த சிக்கலைத் தாமே தீர்ப்பார். காட்டாக, முதல்நிலை அறிவியல் பொதி ஒன்றுக்கு 5 நொடியும் 1 பற்சக்கரமும் வேண்டும்; பற்சக்கரம் ஒன்று 0.5 நொடியில் உருவாகும். ஒரு பற்சக்கர இயந்திரம் 10 பொதி இயந்திரங்களுக்குப் போதும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை.

காரண விளக்கத்தின் மற்றொரு பயன், பதிப்பு மாறும்போது வெளிப்படுகிறது. முன்னைப் பதிப்பில் ஒரு நீரேற்றிக்கு 20 கொதிகலன்கள், 40 நீராவிப் பொறிகள் என்பது வழங்கிவந்த கணக்கு. 2024இல் வந்த 2.0 பதிப்பில் நீரின் செலவு பத்தில் ஒன்றாகக் குறைந்தமையால் அது 200, 400 என மாறியது. எண்களை மட்டும் மனனம் செய்தவரின் குறிப்பு பழையதாயிற்று. ஆனால், கொதிகலனின் ஆற்றல் 1.8 மெகாவாட், பொறியின் ஆற்றல் 0.9 மெகாவாட், எனவே ஒன்றுக்கு இரண்டு என்னும் உறவு இரு பதிப்புகளிலும் நிலைத்துள்ளது. காரணம் அறிந்தவர் மாறியது எது, மாறாதது எது எனப் பிரித்தறிவார்.

மறுப்பும் விடையும்

தேடிக் காணும் இன்பத்தை வழிகாட்டி பறிக்கிறது என்ற மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. பள்ளித் தமிழில் கோனார் உரை ‘கோனார் நோட்ஸ்’ எனப் புகழ்பெற்று, துணைநூல் என்பதற்கே பொதுப்பெயராயிற்று. மூலத்தைத் தொடாமல் நோட்ஸை மட்டும் படித்துத் தேர்வெழுதிய தலைமுறைகளும் உண்டு. உரை மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வது பயன்பாட்டில் நேரும் குறை. அதற்காக உரை மரபையே நாம் விலக்கவில்லை.

தேடலுக்கு இடம்விடும் வழிகாட்டியும் இயலும் என்பதற்குத் தமிழ் வாழ்வை மையமாகக் கொண்ட வெண்பா (2023) என்னும் விளையாட்டு சான்றாகிறது. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் உருவாக்கிய இதில், புலம்பெயர்ந்த பெண்ணொருத்தி தன் தாயின் சமையல் குறிப்பேட்டைக் கொண்டு சமைக்கிறாள். ஏடு சிதைந்துள்ளதால் விடுபட்ட படிகளை ஆடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும். சிதைந்த சுவடிக்குப் பாடம் காணும் பதிப்பாசிரியரின் பணியை இது நினைவூட்டுகிறது. இங்கு வழிகாட்டியே ஆட்டமாகிறது.

தொழில் வழித்தடத்தில் வழிகாட்டியின் இடம்

ஆலையின் பணிமேடைகளில் வேலைமுறைத் தாள்கள் ஒட்டப்படுவதுண்டு. எந்தத் திருகை எந்த வரிசையில் முடுக்குவது என்பதை அத்தாள் சொல்லும். அந்த லைனுக்கு ஏன் அத்தனை நொடி, ஏன் அத்தனை ஆள் என்ற கணக்குப் பெரும்பாலும் பொறியாளரின் மேசையில் இருக்கும். ஃபேக்டோரியோவின் நல்ல வழிகாட்டி பொதுவில் வைப்பது அவ்வகைக் கணக்கைத்தான். விளையாட்டில் களைப்பும் கூலியும் ஷிஃப்டும் விபத்தும் இல்லை. ஆகவே அது தொழிற்பயிற்சிக்கு மாற்றாகாது. எனினும், ஐ.டி.ஐ. முடித்து லைனில் நிற்கும் இளைஞர் ஒருவர், தாம் நாள்தோறும் செய்யும் வேலையின் தருக்கத்தைக் கட்டளை வடிவிலன்றி விளக்க வடிவில் தம் மொழியிலேயே படிக்க இது ஒரு வாயில்.

அவ்வாயில் இன்று பாதியே திறந்துள்ளது. தமிழில் விளையாட்டு விளக்கங்கள் பெரும்பாலும் காணொளிப் பேச்சாகவே வழங்குகின்றன. பேச்சு நெருக்கத்தைத் தரும். ஆனால் வேண்டிய வரியைத் தேடி எடுக்கவும், பதிப்பு மாறும்போது ஓர் எண்ணை மட்டும் திருத்தவும் எழுத்தே ஏற்றது. லைன், செட்டிங், டார்கெட் எனப் பணிமேடையில் வழங்கும் சொற்களை ஏற்று, அவற்றின் பொருளை வரையறுத்து எழுதும் வழிகாட்டி, தொழில்நுட்பத் தமிழுக்கும் ஆவணமாகும்.

முடிவுரை

விடையை மட்டும் தரும் வழிகாட்டி ஒரு தடையைக் கடக்க உதவும். காரணத்தையும் தரும் வழிகாட்டி, அடுத்த தடையில் தன் துணை வேண்டாதபடி ஆடுபவரை ஆக்கும். உட்பொருளைத் தோற்றுவிப்பதே உரை என்ற நன்னூல் கோட்பாடு, இவ்விரண்டையும் பிரித்தறிய இன்றும் பயன்படுகிறது. உரை மரபைக் கற்பிக்கும் தமிழ்த்துறைகள், விளையாட்டு வழிகாட்டி ஒன்றைத் தமிழில் எழுதுவதைப் பயன்பாட்டுத் தமிழ்ப் பாடத்தின் பயிற்சியாகக் கொள்ளலாம். வழக்கிலுள்ள சிக்கலான ஒன்றை, அறியாதவருக்கு ஐயமறச் சொல்லும் திறனே உரையாசிரியர்களிடமிருந்து நாம் பெற்ற செல்வம். அதைப் புதிய பொருளின்மேல் செலுத்திப் பார்ப்பது மரபைத் தொடர்வதே ஆகும்.