தொண்டர்கள் ஓட்டுப் போட்டால்தான் கூட்டணி ஆட்சி! ஜெர்மனி கட்சி எடுத்த ரிஸ்க்... நடந்தது என்ன?

தேர்தல் முடிந்ததும் கூட்டணியை முடிவு செய்வது யார்? கட்சித் தலைமைதான். தொண்டருக்கு அது டிவி பார்த்துத்தான் தெரியவரும். ஆனால் ஜெர்மனியின் பழம்பெரும் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியில், அதாவது எஸ்.பி.டி.யில், கதை வேறு. அங்கே கூட்டணி ஒப்பந்தத்தை ஏற்பதா, கிழித்துப் போடுவதா என்று கட்சி உறுப்பினர்களே 2013, 2018, 2025 என மூன்று முறை வாக்களித்திருக்கிறார்கள். இதில் கட்சியையே உலுக்கி எடுத்தது 2018.

"எதிர்க்கட்சி வரிசைக்குப் போகிறோம்"

2017 செப்டம்பர் 24 தேர்தலில் எஸ்.பி.டி.க்குக் கிடைத்தது 20.5 சதவீதம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அக்கட்சி நாடாளுமன்றத் தேர்தலில் அதுவரை வாங்கியதிலேயே குறைவு. அன்று மாலையே தலைவர் மார்ட்டின் ஷுல்ஸ், இனி ஏங்கலா மெர்க்கலுடன் ஆட்சியில் இல்லை, எதிர்க்கட்சியாக உட்காருவோம் என்றார். தோற்ற கட்சியின் அலுவலகத்தில் கைதட்டல் எழுந்தது!

ஏன் இந்த சந்தோஷம்? தொண்டரின் கணக்கைப் பார்த்தால் புரியும். 2005-ல் மெர்க்கலுடன் கூட்டணி ஆட்சிக்குப் போனபோது கட்சியின் வாக்கு 34.2 சதவீதம். நான்கு வருஷம் கழித்து 23. மறுபடி 2013-ல் போனபோது 25.7. வெளியே வந்தபோது 20.5. ஒவ்வொரு முறையும் உள்ளே போன கட்சி இளைத்துத்தான் திரும்பியது.

இத்தனைக்கும் வேலை நடக்காமல் இல்லை. மணிக்கு 8.50 யூரோ குறைந்தபட்சக் கூலி 2015-ல் அமலுக்கு வந்ததற்கு எஸ்.பி.டி.யின் அழுத்தமே காரணம். ஆனால் நல்ல பெயர் பெரும்பாலும் மெர்க்கலுக்குப் போனது. ஓய்வு வயதை 67 ஆக்கிய முடிவு மாதிரி கசப்பான விஷயங்களுக்கு மட்டும் திட்டு வாங்கியது இவர்கள். வீடு வீடாகப் போய் கதவைத் தட்டுகிற தொண்டர்தானே அந்தத் திட்டையும் நேரில் வாங்க வேண்டும்?

பல்டி

மெர்க்கல் முதலில் பசுமைக் கட்சி, எஃப்.டி.பி. ஆகியவற்றுடன் பேசினார். நவம்பர் 19 இரவு எஃப்.டி.பி. வெளிநடப்பு செய்ய, பேச்சு முறிந்தது. குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர் கட்சிகளுக்குப் பொறுப்பை நினைவூட்டினார். அவர் எஸ்.பி.டி.யிலிருந்து வந்தவர் என்பதால் அந்த அழுத்தம் இன்னும் கனமாகவே விழுந்தது. 'வரமாட்டோம்' என்ற கட்சி பேச்சுவார்த்தை மேஜைக்கு வந்தது. 2018 ஜனவரி 21-ல் பான் நகரில் கூடிய சிறப்பு மாநாட்டில் 362 பேர் ஆதரவு, 279 பேர் எதிர்ப்பு. நூலிழைதான்.

அடுத்து நடந்ததுதான் தொண்டர்களை அதிகம் கடுப்பேற்றியது. மெர்க்கல் அமைச்சரவையில் சேரவே மாட்டேன் என்று சொல்லியிருந்த ஷுல்ஸ், ஒப்பந்தம் முடிந்ததும் வெளியுறவு அமைச்சர் ஆகப்போவதாக அறிவித்தார். எதிர்ப்பு வெடித்ததும் இரண்டே நாளில் பின்வாங்கினார். தலைவர் பதவியும் போனது.

கட்சிக்குள் இரண்டு அணி

கூட்டணி வேண்டாம் என்ற பக்கத்தில் நின்றது இளைஞர் அணி. அதன் தலைவர் கெவின் குஹ்னெர்ட்டுக்கு அப்போது 28 வயது. 'கட்சியில் சேருங்கள், வேண்டாம் என்று ஓட்டுப் போடுங்கள்' என்று ஊர் ஊராகப் போனார்கள். வருஷம் பிறந்து சில வாரங்களில் 24,000-க்கும் மேற்பட்டோர் புதிதாகச் சேர்ந்தார்கள். (ஒரு பத்திரிகை விளையாட்டாக ஒரு நாயைக்கூட உறுப்பினராகப் பதிவு செய்து காட்டியது.) அவர்களுடைய வாதத்தில் சரக்கு இருந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் ஆட்சிக்குப் போனால், 12.6 சதவீதம் வாங்கிய தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி.தானே முதன்மை எதிர்க்கட்சி?

தலைமையின் பதில் பயத்தைக் காட்டியது. ஒப்பந்தத்தை நிராகரித்தால் மறுதேர்தல் வரலாம், கருத்துக்கணிப்பு ஒன்றில் ஏ.எஃப்.டி. ஏற்கெனவே நம்மை முந்திவிட்டது என்றார்கள். நிதி, வெளியுறவு, தொழிலாளர் நலன் உட்பட 6 அமைச்சகங்கள் கிடைத்ததையும் எடுத்துக் காட்டினார்கள். வாக்குச்சீட்டோடு 'ஆதரியுங்கள்' என்ற கடிதமும் போனது, மறுதரப்பு வாதம் இல்லாமல். இது நியாயமான ஆட்டம் இல்லை என்ற புகார் எழுந்ததில் ஆச்சரியமில்லை.

4.63 லட்சம் பேர் முடிவு செய்யலாமா?

வெளியிலிருந்தும் கேள்வி வந்தது. 4.6 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அதற்கு மேல் 4.63 லட்சம் கட்சி உறுப்பினர்கள் அரசு அமைவதைத் தீர்மானிப்பதா? இந்தக் கட்சியில் 14 வயதிலேயே உறுப்பினர் ஆகலாம், ஜெர்மன் குடியுரிமையும் கட்டாயமில்லை. விவகாரம் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. மனுக்கள் நிற்கவில்லை. எம்.பி.க்களைக் கட்சி வாக்கெடுப்பு சட்டப்படி கட்டுப்படுத்தாது, கட்சி தன் முடிவை எப்படி எடுக்கிறது என்பது அதன் உள்விவகாரம் என்பதே இதற்கான அடிப்படை விளக்கம்.

மார்ச் 4 அன்று முடிவு வந்தது. ஆதரவு 2,39,604. எதிர்ப்பு 1,23,329. அதாவது 66 சதவீதம் 'சரி' என்றது. இரவெல்லாம் எண்ணிய தன்னார்வலர்கள் சூழ அறிவிப்பு வந்தபோது அரங்கில் ஆரவாரமே இல்லை. ஜெயித்த தரப்புகூடக் கொண்டாடவில்லை.

அப்புறம் என்ன ஆனது?

தொண்டர்களின் பயம் பாதி பலித்தது. 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 15.8 சதவீதத்துக்குச் சரிந்தார்கள். ஆனால் அந்த ஆட்சியில் நிதியமைச்சராக இருந்த ஓலாஃப் ஷோல்ஸ்தான் 2021-ல் கட்சியை 25.7 சதவீதத்துக்குத் தூக்கி, சான்சலர் நாற்காலியிலும் உட்கார்ந்தார். 2018-ல் தொண்டர்கள் 'வேண்டாம்' என்றிருந்தால் அந்த மேடை அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

2025 பிப்ரவரியில் மறுபடி அடி, 16.4 சதவீதம். மறுபடி பழைய எதிராளியுடனேயே கூட்டணி. இந்த முறை சான்சலர் வேட்பாளர் ஃப்ரீட்ரிஷ் மெர்ஸ். இளைஞர் அணி மறுபடி எதிர்த்தது. ஆனால் 84.6 சதவீதம் பேர் ஆதரவு!

அப்படியென்றால் தொண்டர்கள் மனம் மாறிவிட்டார்களா? அவசரப்பட வேண்டாம். 2018-ல் 78 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், 2025-ல் வெறும் 56. உறுப்பினர் எண்ணிக்கையும் சுமார் 3.58 லட்சமாகச் சுருங்கிவிட்டது. கோபக்காரர்கள் பலர் சமாதானம் ஆனதைவிட, ஒதுங்கிக்கொண்டதற்கான வாய்ப்பே அதிகம்.

தொண்டர்கள் சம்மதித்தாலும் எம்.பி.க்கள் விஷயம் வேறாக இருந்தது. மே 6 அன்று நடந்த ரகசிய வாக்கெடுப்பில், 328 எம்.பி.க்கள் கொண்ட கூட்டணியின் வேட்பாளரான மெர்ஸுக்கு முதல் சுற்றில் கிடைத்தது 310 ஓட்டுதான். தேவை 316. அதே நாள் இரண்டாம் சுற்றில் 325 வாங்கி அவர் சான்சலர் ஆனார். காலையில் காலை வாரியவர்கள் எந்தக் கட்சிக்காரர்கள் என்பது வெளிவரவே இல்லை.