களைத்த தோள் சொல்லும் தவறான கணக்கு

கண்களை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலோர்க்கு அது தவறுவதில்லை. கை எங்கே இருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைப் பார்வையின் துணையின்றியே மூளை அறிந்துகொள்கிறது. இந்தத் தன்னுணர்வுக்கு 'புரோப்ரியோசெப்ஷன்' என்று 1906-இல் பெயர் சூட்டியவர் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். அதன் முக்கியக் கூறுதான் மூட்டு நிலை உணர்வு.

பாட்மின்டன், டென்னிஸ் ஆட்டக்காரர்களின் பிழைப்பே இதை நம்பித்தான் இருக்கிறது. அவர்களுடைய கண் பந்தின் மீது இருக்கும். தலைக்குப் பின்னே சுழலும் மட்டையை அவர்கள் பார்ப்பதில்லை. பாட்மின்டன் ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர். பத்து மீட்டர் தொலைவு செல்லும் பந்தின் திசை ஒரே ஒரு பாகை பிசகினால், அது சுமார் 17 சென்டிமீட்டர் விலகிவிடும். எல்லைக்கோட்டின் அகலமோ வெறும் 4 சென்டிமீட்டர்!

தசை களைத்தால் இந்த உணர்வு என்னவாகிறது? ஆய்வாளர்கள் விளையாட்டு வீரரின் கண்ணைக் கட்டி, கையை ஒரு கோணத்தில் நிறுத்திப் பின் இறக்கி, அதே கோணத்துக்கு மீண்டும் உயர்த்தச் சொல்வார்கள். தசை சோரும்வரை பயிற்சி தந்த பிறகு அதையே மறுபடியும் செய்யச் சொல்வார்கள். தோள், முழங்கால் மூட்டுகளில் இவ்வாறு நடந்த பல சோதனைகளில், களைப்புக்குப் பின் பிழை கூடியிருக்கிறது. சில பாகைகள்தாம்; ஆனால், மேலே சொன்ன கணக்கை நினைவில் கொள்ளுங்கள்.

காரணம் இரண்டு. தசைக்குள் பொதிந்துள்ள கதிர் வடிவ உணர்விகளே தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவை. கடும் உழைப்பில் தேங்கும் வேதிப்பொருள்கள் அந்தச் செய்தியைக் குழப்பக்கூடும். மற்றொன்று சுவையானது. எவ்வளவு முயற்சியைச் செலவிட்டோம் என்பதையும் மூளை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. களைத்த கையை உயர்த்தக் கூடுதல் முயற்சி தேவைப்படுவதால், கை உண்மையில் எட்டாத உயரத்தை எட்டிவிட்டதாக அது எண்ணக்கூடும். செலவைப் பார்த்து விளைச்சலை மதிப்பிடும் இந்தத் தவறு, பொருளியல் கற்பித்த எனக்குப் புதிதன்று.

2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹுவும் மூன்று நாள்களில் 11 மணி 5 நிமிடங்கள் ஆடினார்கள். கடைசி செட் 70-68. வென்ற இஸ்னர் மறுநாளே அடுத்த சுற்றில் நேர் செட்களில் தோற்றார். அதற்கு உறக்கம், கொப்புளம் எனப் பல காரணங்கள் இருக்கலாம். மூட்டு உணர்வின்மீது மட்டும் பழிபோட மாட்டேன். ஆனால், மனித உடலுக்கு எல்லை உண்டென்று விதிகளும் ஒப்புக்கொண்டன: 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக்தான்.

பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. கூடுதலாக ஒரு மணி நேரம் ஆடினால் கூடுதல் திறன் வரும் என்று நம்பிப் பெற்றோர் கட்டணம் செலுத்துகிறார்கள். குறைந்து செல் விளைவு விதி வயலுக்கு மட்டும் உரியதன்று. களைத்த நிலையில் கற்கும் அடியில், பிழையான கோணமே பழக்கமாகிவிடும் ஆபத்துண்டு. கால் எங்கே பதிகிறது என்பதை உடல் தவறாக மதிப்பிட்டால், கணுக்காலும் முழங்காலும் விலை கொடுக்க நேரலாம். களைப்பிலும் ஆடப் பழக வேண்டும் என்ற பயிற்சியாளர்களின் வாதத்தில் நியாயமுண்டு. அது தேர்ந்தவர்களுக்கு. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குப் புதிய அடியை முதல் அரை மணியிலேயே கற்பித்துவிட்டு, ஓட்டத்தையும் உடற்பயிற்சியையும் பின்னுக்குத் தள்ளலாம். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகாது.